தேரிக்காட்டுக்குப் பதினொரு மணிக்குப் போகாதீர்கள்: வித்தியாசமான பயணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, கொடைக்கானல், குற்றாலம் என்று சுற்றி அலுத்தவர்கள் இப்போதெல்லாம் "யாரும் போகாத இடமாச் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். தமிழ்நாட்டுக்குள்ளேயே செம்மணல் பாலை இருக்கிறது, பெரிய தொலைநோக்கிகள் நிற்கும் மலை இருக்கிறது, பறவைகளுக்காகத் தீபாவளி வெடியை விட்டுக்கொடுத்த ஊர் இருக்கிறது. ஆனால் போய்வந்தவர்களில் பலர் "அங்க ஒண்ணுமே இல்லைங்க" என்று சலித்துக்கொள்கிறார்கள். விசாரித்தால் இடம் சரியாகத்தான் இருக்கும், போன நேரம்தான் தப்பு. சுற்றுலா ஊர்கள் நம் வசதிக்காகத் திறந்து வைக்கப்பட்டவை, இந்த இடங்கள் அப்படியில்லை. இவற்றுக்கென்று ஒரு கடிகாரம் உண்டு.

என் கதையையே சொல்கிறேன். திருச்செந்தூர் போயிருந்தபோது பக்கத்தில் குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் காட்டைப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். தரிசனம், காலை டிபன் எல்லாம் முடித்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. சித்திரை மாதம். கண்ணுக்கு எட்டும் வரை சிவப்பு மேடுகள், நடுவே பனைகள். பார்க்கப் பிரமாதம். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நாலடி வைத்ததும் குதித்துக் குதித்துத் திரும்பி ஓடிவந்தேன். பனங்காட்டில் பதநீர் குடிக்க வேண்டும் என்பது இன்னொரு ஆசை. கேட்டால், அடுப்படியில் நின்ற அம்மா சிரித்தார். "விடியக்காலமே வந்திருக்கணும் தம்பி, இப்ப எல்லாம் கொப்பரையில கொதிக்கு." காலையில் இறக்கிய பதநீர் கருப்பட்டியாகிக்கொண்டிருந்தது. அகப்பையில் கோரிக் கொஞ்சம் பாகு கொடுத்தார், அதுதான் மிச்சம்.

தேரிக்குப் போக வேண்டிய நேரம் விடிந்த கையோடு. மணல் குளிர்ந்திருக்கும், இரவில் ஊர்ந்த பூச்சிகளின் தடம் கூட அழியாமல் இருக்கும். இரும்புச் சத்தால் வந்த அந்தச் சிவப்பு, சாய்ந்த வெயிலில்தான் முழுசாகத் தெரியும், உச்சி வெயிலில் கொஞ்சம் வெளிறிப்போகும். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்கும் பதநீருக்குப் பங்குனி முதல் இரண்டு மூன்று மாதங்கள் நல்ல காலம். ஆனி, ஆடியில் போனால் காற்று மணலை வாரி முகத்தில் அறையும். கார்த்திகைக் கடைசியில் போனால் கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர்வெட்டுத் திருவிழா நடக்கும். அன்றைக்குத் தேரி கொள்ளாத கூட்டம், தனிமை தேடிப் போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம். எப்போது போனாலும் மேடுகளுக்குள் வெகுதூரம் தனியாக நடக்காதீர்கள். எல்லா மேடும் ஒன்றுபோலவே இருக்கும், திரும்பி வரும் வழி குழம்பிவிடும்.

இதே தவறைப் பறவைகள் விஷயத்தில் குடும்பம் குடும்பமாகச் செய்கிறார்கள். மே மாதப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சரணாலயம் போவார்கள். கண்மாய் வறண்டு வெடித்துக் கிடக்கும். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கத்திலுள்ள வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களுக்குப் பறவைகள் வருவது வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு. அந்த ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூடு கட்டியிருக்கும் நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் மிரண்டுவிடக் கூடாதே என்றுதான். அப்படிப்பட்ட ஊருக்குப் போய்க் காரில் பாட்டை அலறவிடுவதையும், ட்ரோன் பறக்கவிடுவதையும் என்னவென்று சொல்ல? தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்தால் போதும், காத்திருக்கும் காக்கை முட்டையைத் தூக்கிவிடும். மழை பொய்த்த வருடம் பறவையும் குறைவுதான். அதனால் கிளம்புமுன் அந்தப் பக்கத்து ஆள் யாரிடமாவது "கண்மாயில தண்ணி இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காலெண்டரைவிட அது நம்பகமானது.

ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இன்னொரு ரகம். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பது 1977 மார்ச்சில் தெரியவந்தபோது, அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம். ஆனாலும் முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போவது நல்லது. இங்கே பலர் ஏமாறுவது இரண்டு விஷயத்தில். 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்து வருகிறார்கள். அது ஆராய்ச்சிக்கானது, நமக்குக் காட்டுவது சிறிய தொலைநோக்கியில். இரண்டாவது, பௌர்ணமி அன்று போனால் நிலா நன்றாகத் தெரியும் என்ற எண்ணம். நேரெதிர். முழுநிலவில் வெளிச்சம் நேராக விழுவதால் நிழலே இருக்காது, பள்ளங்கள் தட்டையாகத் தெரியும். அந்த ஒளியில் மற்ற நட்சத்திரங்களும் மங்கிவிடும். நிலாவின் குழிகளைப் பார்க்க வளர்பிறை ஏழு, எட்டாம் நாள். நட்சத்திரம் பார்க்க அமாவாசையை ஒட்டி. ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், மேகத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

சரி, மலைகளுக்கு வருவோம். இங்கே செய்யும் தவறு வெறும் ஏமாற்றத்தோடு முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், அனுமதியில்லாத பாதையில் சென்ற மலையேற்றக் குழு காட்டுத்தீயில் சிக்கியது. 23 பேர் இறந்தார்கள். மாசி, பங்குனியில் அந்தச் சரிவுகளில் நிற்பது காய்ந்த போதைப்புல் என்கிற காட்டுப்புல், ஒரு பொறி போதும். "லோக்கல் பையன் ஒருத்தன் கூட்டிட்டுப் போறான், அனுமதியெல்லாம் வேணாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம், உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாக வருவார்கள். தீ அபாயம் உள்ள மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

அதே மலையில் சூரியோதயம் பார்க்கக் கொழுக்குமலைக்குப் போகிறவர்களுக்கு வரைபடம் ஒரு கண்ணி வைத்திருக்கிறது. இடம் தேனி மாவட்டம்தான். ஆனால் வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான், அதுவும் ஜீப்பில். போடியில் அறை போட்டுவிட்டு "பக்கத்துலதான் காட்டுது" என்று விடிகாலையில் கிளம்பினால், சூரியன் உதித்து வெகுநேரம் கழித்து மேலே நிற்பீர்கள். முந்தின இரவே சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கம் தங்கிவிட வேண்டும். ஸ்வெட்டர் மறக்கக் கூடாது. சுமார் 7,900 அடி உயரம், சித்திரையிலும் பல் தந்தியடிக்கும்.

தனுஷ்கோடியை இப்போது யாரும் போகாத இடம் என்று சொல்ல முடியாது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின் கார்கள் வரிசை கட்டுகின்றன. ஆனாலும் அங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஒரு பக்கம் கடல் குளம்போல அமைதியாகக் கிடக்கும், மறுபக்கம் சீறும். ராமேசுவரத்து மீனவர்கள் பெண் கடல், ஆண் கடல் என்பார்கள். வடக்கே பாக் நீரிணை பெண், தெற்கே மன்னார் வளைகுடா ஆண். போன தடவை வடக்குப் பக்கம் முழங்கால் நீரில் நின்றோமே என்று மறுபடி வந்து இறங்குவார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் இரண்டும் குணம் மாறிக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியாது. முனையில் இரண்டு கடலும் மோதும் இடத்தில் கால் நனைக்கவே வேண்டாம், இழுப்பு அப்படி. அப்புறம், 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு மனிதர்களைப் பறிகொடுத்த ஊர் அது. இடிந்த தேவாலயச் சுவரில் பெயரைக் கிறுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

கூவாகம் பற்றியும் சொல்லியாக வேண்டும். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள் மகாபாரதப் போரில் பலியான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் அதை அறுத்து, வளையல் உடைத்து அழுகிறார்கள். அந்த அழுகை முகத்துக்கு அரை அடி தூரத்தில் செல்போனை நீட்டுகிற கூட்டம் ஒன்று வருடாவருடம் வருகிறது. விழாவை ஒட்டி நடக்கும் அழகுப் போட்டியும் தாலி அறுப்பும் ஒன்றல்ல. முன்னதில் சிலர் விரும்பிப் படத்துக்கு நிற்பார்கள், பின்னது இழவு. இழவு வீட்டில் எப்படி நிற்போமோ அப்படி நிற்கத் தெரியாதென்றால் போக வேண்டாம்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம். கையில் பத்து, இருபது ரூபாய்த் தாள் வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது. வரைபடத்தை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஊரில் இறங்கியதும் டீக்கடையில் "இங்க பாக்க என்ன இருக்கு?" என்று கேட்பதற்கு முன்னால் "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். ஆறரை என்பார்கள். ஆறு மணிக்கே வந்து நின்றுவிடுங்கள், கூட்டம் இல்லாவிட்டால் அது ஆறேகாலுக்கே கிளம்பிவிடும்.