சியெரா நெவாடாவின் வில்லோ இலைவண்டு: வாழிடத்தைக் குறிப்பதில் நேரும் தவறுகள்

கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலைகளில், ஓடைக்கரை வில்லோ புதர்களின் இலையைத் தின்று வாழும் சிறு வண்டு கிரைசோமெலா ஏனியிகோலிஸ். அது எங்கே வாழ்கிறது என்பதை ஒரு வரியில் சொல்லப் போனால் பெரும்பாலும் பிழையாகிவிடும்.

முதலில் பெயர்க் குழப்பம். ஸ்பெயினிலும் ஒரு சியெரா நெவாடா இருக்கிறது. இந்த வண்டு அங்கே இல்லை. இது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு உரியது. வடக்கே போகப் போகத் தாழ்வான இடங்களிலும் கிடைக்கும். பரவலின் தென் விளிம்பான சியெராவில் மட்டும், பெரும்பாலும் 2,700 மீட்டருக்கு மேல் ஏறினால்தான் பார்க்கலாம். ஆகவே 'உயர்மலை வண்டு' என்று பொதுப்பட எழுதிவிடக் கூடாது. நம்மூர் ஆற்றுப்பாலையும் வில்லோ இனம்தான் என்பதால், அதில் காணும் வண்டுக்கு இந்தப் பெயரைச் சூட்டுவதும் தவறு.

படத்தைப் பார்த்துப் பொறிவண்டு என்று பதிவோரும் உண்டு. நிறமும் கருந்திட்டுகளும் ஏமாற்றும். உணர்கொம்பைப் பாருங்கள்: பொறிவண்டுக்குக் குட்டை, இலைவண்டுக்கு நீளம்.

வில்லோ நிற்கும் இடமெல்லாம் வண்டு இருக்கும் என்று வரைபடத்தை நிரப்புவது அடுத்த பிழை. சாலிசின் என்ற கசப்புப் பொருள் மிகுந்த வில்லோக்களையே இது நாடும். சாலிக்ஸ் ஒரெஸ்டெரா அப்படிப்பட்ட ஒன்று. இந்த வண்டின் புழு அந்தச் சாலிசினை உடலுக்குள் மாற்றி, நெடியடிக்கும் சாலிசிலால்டிஹைடாக முதுகுச் சுரப்பிகளில் வைத்துக்கொள்ளும். தொட்டால் துளித்துளியாக வெளியே வரும். ஒரே ஓடைக்கரையில் ஒரு புதர் சல்லடையாகிக் கிடக்க, சற்றுத் தள்ளி வேறு இன வில்லோ இலை குலையாமல் நிற்பது இதனால்தான். 'வில்லோ' என்று மட்டும் எழுதிய பதிவு பாதிப் பதிவுதான்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது குளிர்காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. வண்டைக் கோடையில் பார்க்கிறோம், கோடை வெப்பத்தை மட்டும் குறிக்கிறோம். ஆனால் அதன் வாழ்நாளின் பெரும்பகுதி புதரடி மண்ணில் உறக்கத்தில் கழிகிறது. அப்போது காற்று எவ்வளவு குளிர்கிறது என்பதைவிட, மேலே வெண்பனி எவ்வளவு கிடக்கிறது என்பதே முக்கியம். வெண்பனி கம்பளிபோல மண்ணைப் போர்த்திக் காக்கும். உயரம் கூடக்கூட வண்டுக்கு ஆபத்தும் கூடும் என்றுதான் தோன்றும். 2021இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. உச்சிப் பகுதியில் வறண்ட ஆண்டிலும் வெண்பனி கலையாமல் கிடக்கிறது. நடு உயரத்தில் குளிரும் உண்டு, போர்வையும் மெலிவு. குளிரின் கொடுமை அங்கேதான் அதிகம். போர்வையால் இழப்பும் இல்லாமல் இல்லை: குளிர் குறைந்த மண்ணில் உறங்கும் வண்டு, சேமித்து வைத்த கொழுப்பை விரைவாகச் செலவழிக்கும். தாழ்ந்த பகுதிகளில் இந்தத் தொல்லை கூடுதல். பனிப்பொழிவு குறையும் காலத்தில், 'குளிர்விரும்பி, வெப்பம் கூடினால் மேலே ஏறிவிடும்' என்ற ஒற்றைக் கணக்கு இந்த வண்டுக்குப் பொருந்தாது.

எல்லாக் கூட்டங்களும் ஒன்றுதான் என்றும் நினைக்கக் கூடாது. இந்த வண்டை ஆராயும் உயிரியலாளர்கள் நேதன் ரேங்க், எலிசபெத் டால்ஹாஃப் ஆகியோர் சியெராவில் ராக் கிரீக், பிஷப் கிரீக், பிக் பைன் கிரீக் என்ற அருகருகே உள்ள பள்ளத்தாக்குகளில் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டது இது: பிஜிஐ என்ற நொதியின் ஒரு மரபு வடிவம் வடக்கே உள்ள ராக் கிரீக்கில் மிகுதி, இன்னொன்று தெற்கே பிக் பைனில் மிகுதி, பிஷப்பில் இரண்டும் கலந்திருக்கின்றன. 1988க்கும் 1996க்கும் இடையில், குளிர்ந்த ஈரமான ஆண்டுகளை அடுத்து, பிஷப்பில் வடக்கு வடிவத்தின் பங்கு கூடியது. எட்டே ஆண்டுகளில்! அதனால் பதிவில் ஆண்டு இல்லாவிட்டால் அந்தப் புள்ளி பெரிதாக எதையும் சொல்லாது.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: தேடியும் வண்டு கிடைக்காத புதரையும் எழுதி வையுங்கள். தேதி, உயரம், வில்லோவின் இனம், முந்தைய குளிர்காலத்தின் பனி, எத்தனை புதர் தேடினீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தாழ்ந்த ஓடைகளிலிருந்து வண்டு எப்போது மறைந்தது, எப்போது திரும்பியது என்பதை அந்த வெற்றுப் பதிவுகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.