ஓவர்கிளாக் செய்தபின் திரை வரவில்லையா? பயாஸை மீட்கும் முறை, படிப்படியாக

கணினியின் வேகத்தைக் கூட்ட (இதுதான் ஓவர்கிளாக்), கணினி எழும்போது முதலில் ஓடும் நிரலான பயாஸில் இரண்டு மூன்று எண்களை மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்தீர்கள். விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. போர்டு போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம். ஓவர்கிளாக் செய்ததும் வரும் இந்த நிலைக்குப் பெரும்பாலும் காரணம், தாங்கமுடியாத ஒரு செட்டிங் சேமிக்கப்பட்டிருப்பதுதான். அதை அழித்தால் கணினி எழுந்துவிடும். ஆனால் செய்யும் வரிசை முக்கியம். பதறிப்போய் முதல் வேலையாகவே பயாஸை ஃப்ளாஷ் செய்பவர்கள், அதாவது அதன் சிப்பில் புதிதாக எழுதுபவர்கள், சின்னச் சிக்கலைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் உள்ள போர்டு, ரைசன் 7000 அல்லது 9000 பிராசஸர், டிடிஆர்5-6000 ரேம் இரண்டு. இன்டெல் போர்டிலும் மீட்கும் படிகள் இவைதான். செட்டிங்குகளின் பெயர்கள் மட்டும் மாறும்.

படி 1: 15 நிமிடம் கை வைக்காமல் இருங்கள்

ரேமின் வேகத்தையோ டைமிங்கையோ மாற்றினால், அடுத்த முறை இயங்கும்போது பிராசஸரில் உள்ள மெமரி கன்ட்ரோலர் ஒவ்வொரு சிக்னல் தடத்தையும் சோதித்துப் பார்த்து, சரியான நேர அளவைக் கண்டுபிடிக்கிறது. இதற்கு மெமரி டிரெய்னிங் என்று பெயர். டிடிஆர்5-ல் இது சில நிமிடங்கள் எடுக்கும். 64 ஜிபி அல்லது நான்கு ரேம் போட்டிருந்தால் இன்னும் நீளும். அவ்வளவு நேரமும் திரை கருப்பாகத்தான் இருக்கும், போர்டில் டிராம் விளக்கு எரியும். கணினி தானாக ஒன்றிரண்டு முறை அணைந்து எழுவதும் உண்டு. பாதியில் பவரை நிறுத்தினால் டிரெய்னிங் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

படி 2: போர்டு சொல்வதைப் பாருங்கள்

இப்போது வரும் பல போர்டுகளில் 24 பின் கனெக்டர் அருகே நான்கு சின்ன விளக்குகள் இருக்கும்: சிபியூ, டிராம், விஜிஏ, பூட். எது அணையாமல் நிற்கிறதோ, அந்தக் கட்டத்தில்தான் இயக்கம் நின்றிருக்கிறது. 15 நிமிடம் தாண்டியும் டிராம் விளக்கு நின்றால் ரேம் வேகத்தையும் எஸ்ஓசி வோல்ட்டையும் (பிராசஸரில் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) சந்தேகப்படுங்கள். சிபியூ விளக்கு நின்றால் கோர் வோல்ட், மல்டிப்ளையர் (கோர் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்), அல்லது 8 பின் பவர் கேபிள் சரியாக உட்காராதது. பூட் விளக்கு நின்றால் நிம்மதி அடையலாம்: போர்டு இயங்குகிறது, விண்டோஸ் இருக்கும் டிஸ்க்தான் அதற்குத் தெரியவில்லை.

படி 3: சிமாஸை அழியுங்கள்

பல போர்டுகள், தொடர்ந்து சில முறை இயங்கத் தவறினால், தாமாகவே பாதுகாப்பான செட்டிங்கில் எழுந்து, ஓவர்கிளாக் தோற்றது என்று திரையில் சொல்லும். சொல்லவில்லையென்றால், பயாஸ் செட்டிங்குகள் சேமிக்கப்படும் இடமான சிமாஸை நாம்தான் அழிக்கவேண்டும்.

பவர் சப்ளையின் பின்புற சுவிட்சை அணைத்து, கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். கேபினட்டின் பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்தால் கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். இதை விட்டுவிட்டுப் பின்களைத் தொட்டு, "அழித்தும் பயனில்லை" என்று நினைப்பவர்கள் பலர். அதன்பிறகு போர்டின் கையேட்டில் சிமாஸ் அழிக்கும் இரண்டு பின்கள் எங்கே என்று பார்த்து, ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டையும் சேர்த்து 10 விநாடி தொடுங்கள். பின்பக்கம் இதற்கென்றே பட்டன் இருந்தால் அது இன்னும் எளிது. பக்கத்துப் பின்களைத் தவறித் தொட்டுவிடாமல் டார்ச் அடித்துப் பார்த்துச் செய்யுங்கள்.

பின்கள் எட்டாத இடத்தில் இருந்தால், வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி 10 நிமிடம் கழித்துப் போடலாம். புதிய பேட்டரி 3 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டும். 2.7-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் கடிகாரமும் செட்டிங்கும் மறந்துபோவது பேட்டரி தீர்ந்ததற்கான அடையாளம். அதை ஓவர்கிளாக் தோல்வி என்று எண்ணி அலையவேண்டாம்.

அழித்தபின் மறுபடி மெமரி டிரெய்னிங் நடக்கும். மறுபடியும் காத்திருங்கள்.

படி 4: ஒரே ஒரு ரேம்

இன்னும் எழவில்லையா? ஒரு ரேமைக் கழற்றிவிட்டு, மற்றதை ஏ2 ஸ்லாட்டில் மட்டும் வையுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், பிராசஸரிலிருந்து எண்ணினால் அது இரண்டாவது. எழுந்தால் சரி, இல்லையென்றால் கழற்றிய ரேமை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 5: எழுந்தவுடன் செய்யவேண்டியது

பயாஸுக்குள் போய் முதலில் டிஃபால்ட் செட்டிங்கை ஏற்றிச் சேமியுங்கள். பிறகு பூட் வரிசை, ரெய்ட் இருந்தால் அதன் செட்டிங், விசிறி வேகம் ஆகியவற்றை மட்டும் பழையபடி வையுங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஏஎம்டி போர்டில் பயாஸை அப்டேட் செய்தாலோ பிராசஸரை மாற்றினாலோ, எஃப்டிபிஎம்-ஐ (பிராசஸரில் பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) அழிக்கவா என்று திரை கேட்கும். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் உள்ள டிஸ்க் என்றால், அழித்ததும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். விண்டோஸ் 11 ஹோமில் இந்தப் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கலாம். பலருக்கு அது தெரியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி இருக்கிறதா என்று ஓவர்கிளாக் தொடங்குவதற்கு முன்பே பார்த்து, காகிதத்தில் எழுதி வையுங்கள். சாவி கையில் இல்லாமல் அழிக்கச் சம்மதிக்காதீர்கள்.

படி 6: குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்

ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங். இதில் மட்டும் சமரசமே வேண்டாம். எக்ஸ்போவையும் (ரேமை அதன் பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) கர்வ் ஆப்டிமைசரையும் (கோர்களின் வோல்ட்டைக் குறைக்கும் செட்டிங்) ஒன்றாகப் போட்டுவிட்டு, தோற்றால் எது காரணம் என்று யாராலும் சொல்லமுடியாது.

முதலில் எக்ஸ்போ மட்டும் போட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். 6000-ல் பிழை வந்தால் 5800, 5600 என்று இறக்குங்கள். எஸ்ஓசி வோல்ட்டை ஏற்றித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். 2023-ல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகிய பிறகு, புதிய பயாஸ்கள் எஸ்ஓசி வோல்ட்டை 1.30-க்குள் கட்டிப்போட்டன. உங்கள் போர்டில் அதைவிட அதிகம் காட்டினால் அது பழைய பயாஸ். எக்ஸ்போ போடும் முன்பே அப்டேட் செய்யுங்கள்.

ரேம் சரியாகி, ஆனால் சில முறை பூட் ஆகும்போது மட்டும் நீலத்திரை வருகிறதா? மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோரை நிறுத்துங்கள். அது பழைய டிரெய்னிங் அளவுகளையே மறுபடி பயன்படுத்தி பூட் ஆவதை வேகமாக்குகிறது; அறை வெப்பம் மாறும்போது அந்த அளவுகள் பொருந்தாமல் போகலாம். பூட் மெதுவாகும், அவ்வளவுதான்.

அடுத்து கர்வ் ஆப்டிமைசர். ஒரு எண் என்பது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 போட்டு, பெரிய சோதனை பல மணி நேரம் தாங்கி, பிறகு வெறுமனே பிரவுசர் திறந்திருக்கும்போது கணினி தானாக ரீஸ்டார்ட் ஆவது மிகச் சாதாரணம். காரணம் இதுதான்: எல்லாக் கோரும் வேலை செய்யும்போது வேகம் குறைவு. ஒரு கோர் மட்டும் வேலை செய்யும்போது அது உச்ச வேகத்துக்குத் தாவுகிறது; வோல்ட் போதாமல் விழுவது அங்கேதான். ஆகவே ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்ளரை இரவு முழுக்க ஓட்டுங்கள்.

எந்தக் கோர் விழுந்தது என்பதை விண்டோஸின் ஈவென்ட் வியூவர் சொல்லும். சிஸ்டம் பிரிவில் டபிள்யூஎச்இஏ-லாகர் (ஹார்டுவேர் பிழைகளைப் பதிவது), எண் 18 என்ற பதிவைத் திறந்தால், பிழை எங்கே நடந்தது என்று காட்டும் ஏபிஐசி ஐடி என்ற எண் இருக்கும். 8 கோர் ரைசனில் அதை இரண்டால் வகுத்தால் கோர் எண். 6 அல்லது 7 என்றால் கோர் 3. எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. அந்தக் கோரை மட்டும் மைனஸ் 30-லிருந்து மைனஸ் 25-க்குக் கொண்டுவாருங்கள். மற்றவற்றைத் தொடவேண்டாம்.

சேமித்தும் செட்டிங் எடுபடவில்லை என்றால், பிபிஓ (கர்வ் ஆப்டிமைசர் அடங்கிய ஏஎம்டி செட்டிங்) இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்: போர்டு நிறுவனத்தின் மெனுவில் ஒன்று, ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் என்ற மெனுவில் ஒன்று. இரண்டும் மோதிக்கொள்ளும். ஒன்றை ஆட்டோவில் விட்டு, மற்றதில் மட்டும் எண்ணைப் போடுங்கள்.

படி 7: கடைசியாக, பயாஸ் ஃப்ளாஷ்

ஓவர்கிளாக் செட்டிங்கோடு ஒருபோதும் ஃப்ளாஷ் செய்யாதீர்கள். புதிய பயாஸ் கோப்பு முதலில் ரேமுக்கு வந்து, அங்கிருந்துதான் சிப்பில் எழுதப்படுகிறது. ரேமில் ஒரு பிட் தவறினால், தவறான பயாஸ் எழுதப்படலாம். டிஃபால்ட் ஏற்றி, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி, முடிந்தால் யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டுத் தொடங்குங்கள். போர்டின் பெயர் மட்டுமல்ல, போர்டில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணும் கோப்போடு பொருந்தவேண்டும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை கோர் ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தள்ளிப்போடவே கூடாது. பிராசஸர் அளவுக்கு மீறி வோல்ட் கேட்டுத் தன்னையே கெடுத்துக்கொள்ளும் பிழைக்கு, 2024-ல் 0எக்ஸ்12பி மைக்ரோகோடு (பயாஸோடு சேர்ந்து வரும் பிராசஸர் திருத்தம்) வந்தது. ஏற்கெனவே கெட்டுப்போன பிராசஸரை அது சரிசெய்யாது.

திரையே வராத போர்டில் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால், பிராசஸரோ ரேமோ இல்லாமலேயே பயாஸை எழுதலாம். பென்டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மட் செய்து, கோப்புக்குக் கையேட்டில் உள்ள பெயரை அப்படியே வைத்து, குறியிடப்பட்ட யுஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். கணினி அணைந்திருக்க, பவர் சப்ளை மட்டும் ஆனில் இருக்க, பட்டனை 3 விநாடி அழுத்துங்கள். விளக்கு மினுக்கும், நிமிடக்கணக்கில் ஆகும். மினுக்கல் சில விநாடியிலேயே நின்றால் கோப்பின் பெயர் தவறு, அல்லது பென்டிரைவ் பிடிக்கவில்லை. 32 ஜிபிக்குக் குறைந்த பழைய பென்டிரைவ் பல போர்டுகளோடு ஒத்துப்போகும்.

அதுவும் தோற்றால் மிச்சமிருப்பது சிஎச்341ஏ புரோகிராமரும் கிளிப்பும் வைத்துச் சிப்பில் நேரடியாக எழுதுவது. சில போர்டுகளின் சிப் 1.8 வோல்ட்டில் இயங்குவது. அடாப்டர் இல்லாமல் 3.3 வோல்ட் கொடுத்தால் கெட்டுவிடும். எழுதும் முன் சிப்பை இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பத்திரப்படுத்துங்கள். போர்டின் சீரியல் எண்ணும் பல போர்டுகளில் நெட்வொர்க் முகவரியும் அதில்தான் இருக்கின்றன.

ஃப்ளாஷ் முடிந்தபின் பழைய ஓவர்கிளாக் புரொஃபைலை ஏற்றாதீர்கள். பதிப்பு மாறும்போது செட்டிங்குகள் இடம் மாறியிருக்கலாம். முன்பே பயாஸ் பக்கங்களை மொபைலில் படம் எடுத்து வைத்திருந்தால், எண்களைக் கையால் ஒவ்வொன்றாகப் போட்டு, படி 6-லிருந்து மறுபடி சோதியுங்கள்.