‘ப்ளூ ஹவாய்’ வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டீல் கிட்டார் படிக்க வருகிறவர்களில் பலர் இரண்டாம் மாதமே ‘ப்ளூ ஹவாய்’ பாட்டைச் சொல்லித்தரச் சொல்கிறார்கள். போன வாரம் ஒரு மாணவர் அதை வாசித்துக் காட்டினார். இருபது வருடத்துக்கு முன் நான் செய்த பிழைகள் ஒன்றுகூட விடாமல் வந்தன. ட்யூன் சரிபாருங்கள், பிக் மாட்டுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

எல்விஸ் பதிவை மட்டும் கேட்பது

1961-இல் வந்த படத்தால் இந்தப் பாட்டு எல்விஸ் பிரெஸ்லி பெயரோடு ஒட்டிக்கொண்டது. லியோ ராபினும் ரால்ஃப் ரெயிஞ்சரும் இதை எழுதியது 1937-இல் வந்த ‘வைகிகி வெட்டிங்’ என்ற ஹாலிவுட் படத்துக்கு. பிங் க்ராஸ்பி பாட, லானி மெக்கின்டயரின் ஹவாய்க் குழு வாசித்த இசைத்தட்டைத் தேடிக் கேளுங்கள். அதன் இன்னொரு பக்கத்தில் இருக்கும் ‘ஸ்வீட் லெய்லானி’தான் அந்த வருடத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. இரண்டும் ஒரே படத்துப் பாட்டு என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு.

சி, எஃப், ஜி கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) போதும் என்று நினைப்பது

போதாது. சி-யில் வாசித்தால் ஏ7, டி7, ஜி7 கார்டுகள் என்று சுற்றித்தான் வீட்டுக்கு, அதாவது சி-க்கு, வர வேண்டும். ஏ7-ஐ விட்டால் பாட்டு சப்பென்று ஆகிவிடும்.

ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இழுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் இதில்தான் நான் அடிபட்டேன்.

கையில் பார் (கம்பிமேல் வைத்து வழுக்கும் உலோகத் துண்டு) வந்ததும் ஆசை வந்துவிடுகிறது. வழுக்கினால் ஹவாய், அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. கமகம் கேட்டு வளர்ந்த காது வேறு நமக்கு. எனவே எந்த ஸ்வரத்தையும் நேராகத் தொடாமல், இரண்டு கட்டம் கீழிருந்து இழுத்துக்கொண்டே வருகிறோம். ஸ்வரம் எங்கே இருக்கிறது என்று தெரியாததை அந்த இழுப்பு மறைத்துவிடுகிறது. வாசிக்கிறவருக்கு மட்டும் அது இனிமையாகக் கேட்கும்.

ஒரு கல்யாண ரிசப்ஷனில் இந்தப் பாட்டுக்கு முன்னிசை என் பொறுப்பு. டி7, ஜி7 வாசித்து, 10-ஆவது ஃபிரெட்டிலிருந்து (கிட்டார் கழுத்தில் உள்ள குறுக்குக் கோடு) 12-க்கு நீளமாக இழுத்து சி-யில் நிறுத்த வேண்டும். நான் கோட்டுக்கு ஒரு நூல் முன்னாலேயே நின்றுவிட்டேன். பாட வேண்டிய அக்கா அந்த ஸ்வரத்தைப் பிடித்துத் தொடங்கினார். கீபோர்டு சரியான சி-யில் இருந்தது, அவர் அதற்குக் கீழே இருந்தார். முதல் இரண்டு வரி முழுக்கத் தடுமாற்றம். இறங்கி வந்ததும் சொன்னார்: “தம்பி, நான் எங்க ஏறணும்னு எனக்குக் கேக்கவே இல்லையே.” அந்தக் குழு அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அவர் பாவம், நான் காட்டிய இடத்தில்தான் ஏறினார்.

என்ன நடந்தது என்றால், சாதாரண கிட்டாரில் ஃபிரெட்டுக்குச் சற்றுப் பின்னால் விரலை அழுத்துவோம். இங்கே கம்பி கீழே படுவதே இல்லை, பார்தான் ஃபிரெட். அது கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் கண் ஏமாற்றும், தலையை நேர் மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். 12-ஐத் தாண்டிய கட்டங்களின் அகலம் தொடக்கத்தில் இருப்பதில் பாதிதான். மேலே போகப் போக ஒரு நூல் விலகலும் பெரிதாகக் கேட்கும்.

அப்புறம், பயிற்சி. ஒரு வாரம் இழுப்பே இல்லாமல் இந்தப் பாட்டை வாசியுங்கள். கம்பியை மூடி, பாரை நகர்த்தி, நிறுத்தி, பிறகு மீட்டுங்கள். வறட்சியாக இருக்கும், பரவாயில்லை. ஸ்வரம் சரியாக விழத் தொடங்கியதும் எட்டு தாள ஆவர்த்தனத்துக்கு இரண்டு இழுப்பு மட்டும் சேருங்கள். எந்த இரண்டு என்று யோசிக்கும்போதே பாட்டு பிடிபடும்.

சாதாரண கம்பி செட்டை சி6-க்கு ஏற்றுவது

அறுந்துவிடும். சி6 என்ற ட்யூனிங்கில் கம்பிகளைத் தாழ்விலிருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ என்று வைக்க வேண்டும். வழக்கமான செட்டில் கீழ் மூன்று கம்பிகளையும் அவற்றின் இடத்திலிருந்து வெகு தூரம் ஏற்ற வேண்டிவரும். பழைய கிட்டார் என்றால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜே பெயர்ந்து வரும். சி6-க்கென்று விற்கும் செட்டைக் கேட்டு வாங்குங்கள்.

வைப்ராட்டோ

பாரை லேசாக அசைத்து ஸ்வரத்தை நடுக்குவதெல்லாம் ஸ்வரம் சரியான இடத்தில் நிலைத்த பிறகு.

பாடுகிறவர் மேல் வாசிப்பது

வரி முடிந்து அவர் மூச்சு எடுக்கும் இடம்தான் உங்களுடையது.

கடைசி ஸ்வரத்தில் பாரைத் தூக்குவது

கம்பி அதிர்ந்துகொண்டிருக்கும்போது பாரை எடுத்தால் ‘டங்’ என்று ஒரு சத்தம் வரும், மைக்கில் இரண்டு மடங்காகக் கேட்கும். முதலில் வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிமேல் மெதுவாக வையுங்கள். அதிர்வு அடங்கட்டும். அதற்குப் பிறகு பாரை எடுங்கள்.