சித்திரை வெயிலில் தாளிப்பு வடகம்

வடகம் என்றால் சில ஊர்களில் அரிசிக் கூழைப் பிழிந்து காயவைப்பதைச் சொல்வார்கள். இங்கே சொல்லப்போவது தஞ்சை, நாகை, கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வீடுகளில் சின்ன வெங்காயத்தைக் கொண்டு தாளிப்பதற்கென்றே போடும் வடகம். கடைகளில் பொட்டலமாகவும் கிடைக்கிறது என்றாலும், அவற்றுள் பலவற்றில் பருப்பு மிகுந்து வெங்காயம் குறைந்திருப்பதால், ஒரு வருடத்துக்கு வேண்டியதை வீட்டிலேயே போட்டுக்கொள்வதுதான் சரி என்பது என் கருத்து. பங்குனிக் கடைசியிலிருந்து சித்திரை முடிவதற்குள், மேகமில்லாத ஒரு வாரத்தைப் பார்த்துத் தொடங்க வேண்டும்.

எங்கள் அப்பாயி வெங்காயத்தை வீசைக் கணக்கில்தான் சொல்வார். மெட்ரிக் அளவை 1960களில் நடைமுறைக்கு வந்த பிறகும் அவருக்கு அந்தக் கணக்கு மாறவில்லை. ஒரு வீசை என்பது 40 பலம், அதாவது ஏறத்தாழ 1.4 கிலோ. சிறிய குடும்பத்துக்கு 1 கிலோ சின்ன வெங்காயம் போதும். அதற்குப் பூண்டு 200 கிராம், தோல் நீக்காத உடைத்த உளுந்து 100 கிராம், கடுகும் சீரகமும் தலா 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள்தூள் இரண்டு தேக்கரண்டி, கல் உப்பு 50 கிராம், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை எடுத்துக்கொள்ளலாம். சோம்பு அவரவர் விருப்பம். வெங்காயம் புதிதாக வந்து ஈரம் மிகுந்ததாக இல்லாமல், சருகு நன்றாகக் காய்ந்து சலசலப்பதாக இருக்க வேண்டும்.

இந்த வேலையில் பாதி, வெங்காயத்தை இடிப்பதில் இருக்கிறது. மேல்சருகை மட்டும் நீக்கிவிட்டு, உரலில் இட்டு, ஒவ்வொரு வெங்காயமும் நசுங்கி உடைந்தாலும் உருக்குலையாத அளவுக்கு இடிக்க வேண்டும். பூண்டைத் தோலோடு தனியே தட்டிக்கொள்ளலாம். உரல் இல்லாதவர்கள் மிக்சியில் இட்டு, நிறுத்தி நிறுத்தி ஓரிரு சுற்றுச் சுற்றினால் போதும். விழுதாக அரைத்துவிட்டால் சாறு முழுவதும் வெளியேறிவிடும், காயவும் நாளாகும், அதற்குள் பூசணம் பிடித்துவிடும். இடித்த வெங்காயத்தோடு உப்பு உட்பட எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, மண்சட்டியிலோ பீங்கான் பாத்திரத்திலோ இட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி ஓர் இரவு வைக்க வேண்டும். உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுக்கும். அந்த நீரை உளுந்தும் வெந்தயமும் உறிஞ்சி ஊறுவதால்தான் பின்னால் உருண்டை பிடிக்க வருகிறது. காலையில் துணியை அவிழ்க்கும்போது லேசான புளிப்பு வாடை வரும். அது வந்தால்தான் வடகத்துக்கு அதற்குரிய மணம் ஏறும்.

முதல் நாள் அதை உருட்டாமல் மூங்கில் தட்டில் பரப்பி, சட்டியில் தங்கிய சாற்றையும் பத்திரமாக எடுத்துவைக்க வேண்டும். மாலையில் அந்தச் சாற்றிலேயே மறுபடியும் போட்டுப் பிசைந்து மூடிவைத்தால், சாறு வீணாகாமல் உள்ளே இறங்கிவிடும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஈரம் குறைந்ததும், எலுமிச்சை அளவில் உருட்டிக் காயவைக்கலாம். அன்றாடம் மாலையில் உருண்டைகளை உடைத்து இறுக்கிப் பிடித்து உருட்டுவதில் சோம்பல் கூடாது. வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்ற உருண்டைதான் மழைக்காலத்தில் கெட்டுப்போகும். காக்கையை விரட்ட அந்தக் காலத்தில் மொட்டைமாடியில் ஒரு பேரப்பிள்ளையைக் குச்சியோடு உட்கார வைப்பார்கள். இப்போது அதற்கு ஆள் கிடைப்பதில்லை என்பதால், தட்டின் மேல் கொசுவலையைக் கட்டிவிடலாம். அடுக்குமாடி வீட்டு மாடத்தில் வெயில் சில மணி நேரமே விழும். நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். வெயில் இல்லாத நாளில் மின்விசிறிக்கடியில் பரப்பிவைத்தாலும் தாங்கும்.

உருண்டையை உடைத்தால் நடுவிலும் பொலபொலவென உதிரும் பதம் வந்ததும், நான்கு மேசைக்கரண்டி விளக்கெண்ணெயை ஊற்றிப் பிசறி, இன்னும் இரண்டு நாள் வெயிலில் வைக்க வேண்டும். பருப்பில் வண்டு விழாமலிருக்க விளக்கெண்ணெய் தடவும் அதே வழக்கம்தான் இது. சிலர் நல்லெண்ணெய் சேர்ப்பார்கள். சுவை குறைவதில்லை, ஆனால் நாள்பட வைத்தால் சிக்கு வாடை வரக்கூடும். ஈரமில்லாத சாடியில் அடைத்து, எடுக்கும்போது உலர்ந்த கரண்டியையே பயன்படுத்தினால் அடுத்த சித்திரை வரை கெடாது. இது புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்கும் போய், அங்கே ‘வடுவான்’ என்ற பெயரில் மசாலாப் பொடியாக விற்கப்படுகிறது.

தாளிக்கும்போது தனியாகக் கடுகோ உளுந்தோ போட வேண்டாம். நல்லெண்ணெய் காய்ந்ததும் தணலைக் குறைத்து, ஒரு தேக்கரண்டி வடகத்தை உதிர்த்துப் போட்டு, வெங்காயத் துணுக்குகள் கருஞ்சிவப்பாக மாறும் முன்பே அடுத்த பொருளைச் சேர்த்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் வெந்தயம் கசந்துவிடும். மீன் குழம்புக்கு முதலிலும், கடைந்த கீரைக்கும் பருப்புக் கூட்டுக்கும் இறக்கிய பின்னும் தாளிப்பது எங்கள் வீட்டு வழக்கம். சாடியின் அடியில் தங்கும் தூளை எண்ணெயில் வறுத்து, தேங்காய், காய்ந்த மிளகாய், கொஞ்சம் புளி சேர்த்துத் துவையலாக அரைத்தால், சுடுசோற்றுக்கு வேறு குழம்பே தேவைப்படாது.