முதலை கிடைத்தால் வெயில் என்று எழுதிவிடலாமா? தொல் ஊர்வனவை வைத்துத் தட்பவெப்பம் பேசுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குஜராத்தின் கட்ச் பகுதியில், பாணந்த்ரோ நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த ‘வாசுகி’ என்ற தொல்காலப் பாம்பின் செய்தி 2024 ஏப்ரலில் வந்தது. மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் அது இன்னும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. ரூர்க்கி ஐஐடி ஆய்வாளர்கள் 27 முதுகெலும்புத் துண்டுகளை வைத்து, பாம்பின் நீளம் சுமார் 11 முதல் 15 மீட்டர் வரை இருக்கலாம் என்றார்கள். அது வாழ்ந்த 4.7 கோடி ஆண்டுக்கு முந்தைய கட்ச்சின் வெப்பநிலை சுமார் 28 டிகிரி என்றும் கணித்தார்கள். உடனே ஒரு கேள்வி வரும்: “28 டிகிரியா? ஏசியைக்கூட அதுக்குக் கீழதானே வைக்கிறோம்? அதுல எப்படிங்க இவ்வளவு பெரிய பாம்பு?”

இங்கேதான் முதல் தவறு. அந்த 28 டிகிரி ஆண்டுச் சராசரி. மே மாத மதியமும் ஜனவரி விடியற்காலையும் விடாத மழை நாட்களும் எல்லாம் சேர்ந்த கணக்கு. வேர்த்துக் கொட்டும் நம் மும்பையின் ஆண்டுச் சராசரியே சுமார் 27 டிகிரிதான். தொல்காலத் தட்பவெப்பம் பற்றிய செய்தியில் ஓர் எண்ணைப் பார்த்தால், அது ஆண்டுச் சராசரியா, மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரியா, கடல்நீரின் சூடா என்று முதலில் பாருங்கள். செல்போனில் காட்டும் இன்றைய உச்ச வெப்பத்தோடு அதை ஒப்பிட்டால் எல்லாமே தலைகீழாகிவிடும்.

அடுத்த தவறு, உடம்பின் அளவையே வெப்பமானியாக எடுத்துக்கொள்வது. கொலம்பியாவின் செரஹோன் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த டைட்டனோபோவா பாம்பு 5.8 முதல் 6 கோடி ஆண்டு பழையது, சுமார் 13 மீட்டர் நீளம். குளிர் ரத்தப் பிராணியின் உடலில் ரசாயன வேலைகள் எந்த வேகத்தில் நடக்கும் என்பதைச் சுற்றுப்புறச் சூடு தீர்மானிக்கிறது. எனவே பெரிய உடம்புக்கு அதிகச் சூடு வேண்டும். இன்றைய அனகோண்டாவை அளவுகோலாக வைத்து, அந்தக் காட்டின் ஆண்டுச் சராசரி 30 முதல் 34 டிகிரி என்று ஆய்வாளர்கள் 2009இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதினார்கள். நாளிதழ்கள் அதோடு நிறுத்திக்கொண்டன. ஆனால் அதே ஆண்டு அதே இதழில் மறுப்புகளும் வந்தன. பெரிய உடம்பு சூட்டைத் தனக்குள்ளே தேக்கி வைத்துக்கொள்ளுமே என்றார்கள் சிலர். ஆஸ்திரேலியாவில் பனியுகக் காலத்தில் வாழ்ந்த மெகலேனியா என்ற ராட்சத உடும்புக்கு இதே கணக்கைப் போட்டால் அந்தக் காலத்து ஆஸ்திரேலியாவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத வெயில் வருகிறதே என்றார் இன்னொருவர். என் பார்வையில் இந்தக் கேள்விகள் நியாயமானவை. அந்தக் காட்டில் நல்ல வெயில் அடித்தது என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. பாம்பின் நீளத்தை மட்டும் வைத்து 32ஆ 34ஆ என்று அடித்துச் சொல்வதில்தான் சிக்கல்.

உடம்பின் அளவைவிட நம்பகமானது, ஒரு பிராணி தாங்கும் கீழ் எல்லை. இதற்குப் பேர்போனது முதலை. இன்றைய முதலையினங்கள் எங்கெல்லாம் வாழ்கின்றன என்று பார்த்தால், குளிர்ந்த மாதத்தின் சராசரி சுமார் 5.5 டிகிரிக்குக் கீழே போகும் இடங்களில் அவை நிலைப்பதில்லை. கனடாவின் எல்ஸ்மியர் தீவு வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் எட்டிப் பார்க்காது. அங்கே ஐந்து கோடி ஆண்டுப் பழைய பாறையில் அலிகேட்டர் என்ற முதலையினத்தின் எலும்பும் ஆமை ஓடும் கிடைத்திருக்கின்றன. அந்த இருட்டிலும் கடும் உறைபனி இல்லை என்பதே இதன் பொருள்.

ஆனால் அந்த எண் சொல்வது ‘குறைந்தது இவ்வளவு’ என்பதை மட்டுமே. அதற்கு மேல் எவ்வளவு என்று முதலை சொல்லாது. எல்ஸ்மியர் முதலையை வைத்து ‘ஆர்க்டிக்கில் அன்று மும்பை வெயில்’ என்று தலைப்புப் போடுவது அபத்தம். முதலை சிறு சிறு தந்திரங்களால் அந்த எல்லையைக் கொஞ்சம் நீட்டிக்கவும் செய்யும். மும்பையின் பவாய் ஏரிக் கரையில் குளிர்காலக் காலை வேளையில் சதுப்புநில முதலை வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்வதைப் பார்க்கலாம். குளிரோ வெயிலோ மிஞ்சினால் இதே இனம் வளை தோண்டி உள்ளே போய்விடும். அமெரிக்காவின் வட கரோலினாவில் குளம் உறையும்போது அலிகேட்டர்கள் மூக்கு நுனியை மட்டும் பனிக்கட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கின்றன.

இனி மும்பைக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. நம் காலடியில் இருப்பது எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. ஒரு குழம்புக்கும் அடுத்த குழம்புக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் குட்டைகள் உண்டாகி, அவற்றில் படிந்த வண்டல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. வொர்லியில் அப்படிப்பட்ட அடுக்கில் கிடைத்த குட்டித் தவளைகளை 1847இலேயே ஆங்கிலேய விஞ்ஞானி ரிச்சர்ட் ஓவன் விவரித்தார். அந்தேரி பக்கத்து அம்போலிக் குன்றின் கல்குவாரியிலிருந்து ஓர் ஆமையும் வந்தது. அதற்கு 2003இல் வைத்த பெயர் சங்குகெமிஸ் சேத்னாய். தலையை ஓட்டுக்குள் நேராக இழுக்காமல் கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கும் வகை. இதன் மிக நெருங்கிய உறவு நம் ஊரில்தான் இருக்கிறது: அரியலூர் வட்டாரத்துக் கல்லமேட்டில் கிடைத்த குர்மதெமிஸ் கல்லமெடென்சிஸ்.

பக்கவாட்டுக் கழுத்து ஆமைகள் இன்று இந்தியாவில் கிடையாது. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் இருக்கின்றன. ‘இன்று அமேசானில் வாழ்கிறது, ஆகவே அன்று மும்பை அமேசான் போல் இருந்தது’ என்று எழுதத் தோன்றும். கூடாது. இந்த இனம் அங்கெல்லாம் பரவியதற்குக் காரணம், இந்த நிலப்பகுதிகள் எல்லாம் ஒருகாலத்தில் ஒட்டியிருந்து பிறகு பிரிந்த கோண்ட்வானா பெருங்கண்டத்தின் கதை. தட்பவெப்பம் அதில் ஒரு சிறு பங்குதான். குளிரடிக்கும் மெல்போர்ன் பக்கத்திலும் இதே வகை ஆமை இன்று இருக்கிறது.

நிலம் நகர்ந்ததை மறப்பதும் இதோடு சேர்ந்த தவறுதான். அம்போலி ஆமை வாழ்ந்த ஆறு கோடி ஆண்டுக்கு முந்தைய காலத்தில் ‘மும்பை’ நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது. வாசுகி காலத்துக் கட்ச் இன்றைவிட நடுக்கோட்டுக்கு இன்னும் பக்கத்தில். எனவே கட்ச்சின் இன்றைய வெப்பத்தை அன்றைய 28லிருந்து கழித்து, மிச்சத்தை ‘பூமி சூடான அளவு’ என்று போடுவது தப்புக் கணக்கு. இடம் மாறியதன் பங்கும் அதில் கலந்திருக்கும். எல்ஸ்மியர் அந்தக் காலத்திலும் ஆர்க்டிக் பகுதியில்தான் இருந்தது. அதனால்தான் பூமியின் சூட்டைப் பற்றிப் பேச அது நல்ல சாட்சி.

எந்தப் பருவத்தைப் பற்றிய சாட்சி என்பதும் முக்கியம். ஐரோப்பியக் குளத்து ஆமை குளிர்காலத்தைக் குட்டையடியில் உறங்கியே கழித்துவிடும். ஆனால் மண்ணில் இட்ட முட்டை பொரிக்கக் கோடையில் நல்ல வெயில் வேண்டும். பனியுகம் முடிந்த பின் டென்மார்க்கிலும் தென் ஸ்வீடனிலும் அது பரவியிருந்ததற்கு எலும்புகள் உண்டு. அவை சொல்வது கோடையைப் பற்றி. முதலை பேசுவது குளிர்காலத்தைப் பற்றி. இரண்டையும் ‘ஊர்வன’ என்று ஒரே பையில் போட்டால் சராசரி என்று ஒன்று வரும், அதற்கு அர்த்தம் இருக்காது. பல்லி என்றாலே வெப்பம் என்பதும் அப்படித்தான். குட்டி போடும் ஒரு பல்லியினம் இன்றும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே வாழ்கிறது.

கிடைத்தது என்ன பிராணி என்பதையே விட்டுவிடுவோரும் உண்டு. மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் பக்கம் கிடைக்கும் லிஸ்ட்ரோசாரஸ் என்ற தொல்விலங்கைப் பழைய பாடநூல்கள் ‘பாலூட்டி போன்ற ஊர்வன’ என்றன. அது பாலூட்டிகளின் கிளையைச் சேர்ந்தது, முதலையின் விதி அதற்குச் செல்லாது. 2020இல் பெரம்பலூர் குன்னத்தில் ‘டைனோசர் முட்டை’ என்று பரபரப்பானவை, அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடல் உயிரிகள் வாழ்ந்த காலத்துக் கல்லுருண்டைகள்.

டைனோசரும் மோசமான வெப்பமானிதான். வட அலாஸ்காவின் பிரின்ஸ் கிரீக் பாறைகளில் சுமார் 7 கோடி ஆண்டுப் பழைய டைனோசர் எலும்புகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் ஆமை இல்லை, முதலை இல்லை, பல்லியும் இல்லை. அந்த ஊர் குளிர்ந்தது என்பதைச் சொல்வது இந்த இல்லாமைதான். அதை நம்ப முடிவதற்கு ஒரு காரணம் இருக்கிறது: அதே மண்ணைச் சலித்தவர்களுக்குச் சிறு பாலூட்டிகளின் பல்லும் மீன் எலும்பும் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு சிறியது தப்பிப் பிழைத்த இடத்தில் ஆமை ஓட்டுத் துண்டு ஒன்றுகூட இல்லையென்றால் ஆமையே இல்லை என்று கொள்ளலாம். பெரிய எலும்பை மட்டும் பொறுக்கி எடுத்து, மண்ணைச் சலிக்காமல் விட்ட குவாரியில் ‘முதலை இல்லை, ஆகவே குளிர்’ என்று எழுத எந்த அடிப்படையும் கிடையாது.