பட்டாளத்தார் நடத்தும் தற்காப்பு வகுப்பு: கடற்கரை ஊர்களுக்கான செய்முறை

ராமநாதபுரம் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போய் வந்தவர் இல்லாத ஊர் குறைவு. அப்படி ஊர் திரும்பிய ஒருவர், தொண்டியிலோ தங்கச்சிமடத்திலோ வாலிநோக்கத்திலோ பெண்களுக்கும் இளவட்டங்களுக்கும் தற்காப்பு சொல்லித்தர நினைத்தால், இது அவருக்கானது. அடிக்கும் உதைக்கும் இதில் கால்வாசி இடம்தான். மீதியெல்லாம், பயத்தில் உறைந்துபோகும் உடம்பை மறுபடி அசைய வைப்பது எப்படி என்பதுதான். பட்டாளத்தாருக்கு அது தெரிந்த விஷயம். ஆனால் பட்டாளத்தில் கற்றுத்தந்த விதத்தில் அதை ஊரில் கற்றுத்தர முடியாது.

முதலில் மாஸ்டர்

வகுப்பு எடுக்கப்போகிற மாஸ்டரே தூக்கத்தில் அலறி எழுவது, வெடிச் சத்தத்துக்குத் தரையில் பதுங்குவது, கூட்டத்தைத் தவிர்ப்பது, சின்ன விஷயத்துக்குக் கை ஓங்குவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்துப் பிழைப்பையும் குடும்பத்தையும் குலைக்கிறது என்றால், வகுப்புக்கு முன்னால் வைத்தியம். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ் வழியாகவோ, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வழியாகவோ மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர் வகுப்பு எடுப்பதில் தப்பே இல்லை. எடுக்கலாமா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். முந்தின ராத்திரி குடித்தவர் எடுக்கக் கூடாது. தூக்கமில்லாத ராத்திரிக்கு மறுநாள் வகுப்பைத் துணைப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுங்கள். அந்தத் துணை ஒரு பெண்ணாக இருப்பது கட்டாயம்.

உருமறைப்புச் சட்டையை வீட்டிலேயே மடித்து வையுங்கள். ராணுவ உடையைப் பயிற்சிக்குப் போடுவது விதிக்குப் புறம்பு என்பது ஒரு காரணம். இன்னொன்று இந்தக் கடற்கரைக்கே உரியது. நடுக்கடலில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு அந்த நாட்டுச் சிறையில் கிடந்து வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் போரைப் பார்த்த குடும்பங்கள் இருக்கின்றன. சீருடையைப் பார்த்ததுமே அவர்கள் உடம்பு இறுகிவிடும். சாதாரண டிராக் பேண்ட், டி-சர்ட் போதும். விசிலும் வேண்டாம், கைதட்டிக் கூப்பிடுங்கள்.

ஊரும் இடமும்

ஊர்த் தலைவர், ஜமாஅத், பங்குத்தந்தை, மகளிர் குழுத் தலைவி என்று அந்த ஊரில் யார் சொன்னால் எடுபடுமோ அவர்களிடம் முதலில் பேசுங்கள். காவல் நிலையத்தில் எழுத்தில் தகவல் கொடுங்கள். 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். எந்தப் பிள்ளையோடும் மாஸ்டர் தனியாக இருக்கக் கூடாது.

ஒரு வகுப்புக்கு 12 பேர், பயிற்சியாளர் இருவர். வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், எட்டு வாரம். இதற்கு மேல் ஆள் சேர்த்தால் யார் உறைந்து நிற்கிறார்கள் என்பது கண்ணில் படாது. மீன் விற்கப் போகிறவர்களுக்கு விடிகாலை ஒத்து வராது, சாயங்காலம் நாலரைக்கு மேல் வைக்கலாம். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வரமாட்டார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். ஆண்கள் கரையில் இருக்கும் அந்த 61 நாள்தான் அவர்களுக்கான வகுப்புக்குச் சரியான நேரம்.

அலை வந்து போன ஈர மணல் காலுக்கு உறுதியாக இருக்கும். காய்ந்த மணலில் திரும்பும் பயிற்சி செய்தால் கணுக்கால் பிசகும், முழங்கால் முறுக்கும். தொடங்கும் முன் இரண்டு பேர் தரையைப் பார்த்து வர வேண்டும்: தூண்டில் முள், அறுந்த வலை, கண்ணாடிச் சில்லு. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கம் மணல் கண்ணில் வாரி அடிக்கும்; ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்கள் அப்போது வடகடல் பக்கம் போய்விடுவது நல்லது.

முதல் வாரம்: கை வேண்டாம்

முதல் நாள் மூன்று விதிகள். யாரையும் கேட்காமல் தொடக் கூடாது. கையை இரண்டு முறை தட்டினால் எதிராளி அந்த நொடியே விட்டுவிட வேண்டும். யாரும் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் ஒதுங்கி உட்காரலாம். மூன்றாவதைப் பட்டாளத்தார் ஏற்பதற்குத்தான் நாளாகும். ஆனால் ஒருமுறை தன் விருப்பம் மீறப்பட்ட உடம்புக்கு, 'வேண்டாம்' என்று சொன்னதும் அந்தச் சொல் மதிக்கப்படுவதைப் பார்ப்பதே பாதிப் பயிற்சி.

'உனக்கு என்ன நடந்தது, சொல்லு' என்று யாரையும் கேட்காதீர்கள். எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து நடந்ததைச் சொல்லச் சொன்னால் பாரம் இறங்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இப்படி ஒரே அமர்வில் வற்புறுத்திப் பேச வைப்பது பலன் தருவதில்லை என்பதால் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. தானாகச் சொன்னால் கேளுங்கள், கிளறாதீர்கள்.

அடுத்து மூச்சு. நாலு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை விட வேண்டும், ஐந்து நிமிடம். 'நல்லா இழு' என்று சொல்வதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. அதிகம் இழுத்து வேகமாக விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், உதடும் விரலும் மரத்துப்போகும். அது பயத்தைக் கூட்டும். விடுவதை நீட்டச் சொல்லுங்கள், இழுப்பது தானாக நடக்கும். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். சிலருக்கு மூடிய கண்ணுக்குள்தான் பழையது ஓடும். தொடுவானத்தைப் பார்க்கட்டும்.

குரலும் தூரமும்

இரண்டாவது, மூன்றாவது வாரம் முழுக்க இதுதான். நம் பெண்கள் கத்தத் தயங்குவார்கள். அதைவிட, 'அண்ணே, வேணாம்ணே' என்று கெஞ்சும் குரலில்தான் மறுப்பார்கள். தொந்தரவு தருபவன் பெரும்பாலும் தெரிந்தவன் என்பதால் முறை சொல்லிக் கூப்பிடுவது நாக்கில் முந்திக்கொண்டு வரும். 'தள்ளி நில்லுங்க' என்று ஒரு தடவை மரியாதையாகச் சொல்லலாம். இரண்டாவது தடவை முறையும் இல்லை, 'ங்க'வும் இல்லை: 'தள்ளி நில்லு! கையை எடு!' வயிற்றிலிருந்து வர வேண்டும். அலைச் சத்தத்தைத் தாண்டி முப்பது அடி தூரத்தில் நிற்பவருக்குக் கேட்டால் போதுமானது.

அடுத்தது தூரம்: இரண்டு கை நீளத்துக்குள் யாரையும் வர விடாமல் பின்வாங்குவது, உள்ளங்கை வெளியே தெரிய இரு கையும் நெஞ்சு உயரத்தில், ஒரு கால் பின்னால். பார்க்கிறவர்களுக்குச் சமாதானம் பேசுவதுபோல் தெரியும், ஆனால் தடுக்கவும் தள்ளவும் கை தயாராக இருக்கும்.

பிடியும் அடியும்

மணிக்கட்டைப் பிடித்தால் நேராகப் பின்னுக்கு இழுக்கக் கூடாது. அது பலத்துக்குப் பலம், பலசாலிதான் ஜெயிப்பான். பிடியின் பலவீனம், அவன் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளி. உங்கள் கையின் ஒல்லியான ஓரத்தை அந்த இடைவெளிக்கு நேராகத் திருப்புங்கள். ஓரடி முன்னால் வைத்து, முழங்கையை அவன் முழங்கையை நோக்கி மடக்குங்கள். கை விடுபடும். இதைக் காய்ந்த கையோடு பழக வேண்டும். கடல் தண்ணீர் பட்ட கை சுலபமாக வழுக்கிவிடும், வந்துவிட்டது என்று ஏமாந்துபோவார்கள்.

முடியைப் பிடித்தால், அவன் கையை உங்கள் இரு கையாலும் தலையோடு அழுத்திப் பிடியுங்கள். இழுப்பு உச்சந்தலைக்கு எட்டாது. அவன் பக்கமாகவே நகர்ந்து முழங்காலால் தாக்குங்கள். அடிக்க வேண்டியிருந்தால் முஷ்டி வேண்டாம், பழக்கமில்லாதவர் முஷ்டியால் மண்டையில் குத்தினால் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்புதான் முதலில் முறியும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கில் அல்லது தாடையில். பிறகு ஓட்டம். ஒவ்வொரு பயிற்சியும் வெளிச்சமோ ஆளோ இருக்கும் பக்கமாக இருபது மீட்டர் ஓடித்தான் முடிய வேண்டும், இல்லாவிட்டால் அடித்துவிட்டு அங்கேயே நிற்கும் பழக்கம் வந்துவிடும்.

சேலை, பர்தா, நைட்டி மேல் துண்டு என்று அன்றாடம் எதில் இருப்பார்களோ அதிலேயே செய்யட்டும். மீன்கூடையை நெஞ்சுக்கு முன்னால் கேடயமாகப் பிடிக்கப் பழக்குங்கள். சிலம்பம் கால் வரிசைக்கும் தைரியத்துக்கும் அருமையானது, ஆனால் நெற்றி உயரக் கம்போடு யாரும் பஸ் ஏறுவதில்லை.

உறைந்து நின்றால்

ஆறாவது வாரத்துக்கு மேல் நெருக்கடியைக் கொஞ்சம் கூட்டலாம், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். பின்னாலிருந்து திடீரென்று பாய்ந்து 'ரியாக்‌ஷன்' பார்க்கும் வேலை கூடாது. பட்டாள ரெக்ரூட்டுக்கு மறுநாள் எழுந்து நிற்க ஒரு பிளாட்டூனே துணை உண்டு. இந்தப் பெண் இருட்டுக் கட்டிய தெருவில் தனியாக வீட்டுக்கு நடக்க வேண்டும்.

ஒருவர் அசையாமல் நின்று பார்வை வெறித்துப்போனால் பயிற்சியை நிறுத்துங்கள். தொடாமல், பக்கவாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கால் விரலை மணலில் அழுத்தச் சொல்லுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லுங்கள்: வள்ளம், பனை, வலை, எதுவானாலும். தெளிந்ததும் தண்ணீர் கொடுத்துவிட்டு, உறைவது கோழைத்தனம் இல்லை, ஆபத்தில் உடம்பு தானாகச் செய்வது என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் இது நடந்தால், அவரை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மனநோய் தீரும் என்று நம்பி ஏர்வாடி தர்காவுக்குப் போகிறேன் என்றால் தடுக்க வேண்டியதில்லை, மருந்தும் கூடவே போகட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகத்தில் சங்கிலியோடு கிடந்த 28 பேர் தீயில் மாண்ட பிறகு, கட்டி வைப்பது வைத்தியம் என்று யாரும் சொல்ல முடியாது. சாகப்போவதாகச் சொன்னால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனை.

சட்டமும் சாமானும்

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தேவைக்கு மிஞ்சிய அடி அதில் சேராது. ஓடுகிறவனைத் துரத்தி அடித்தால் அது தற்காப்பு ஆகாது. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, கடலில் ஏதும் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. நாலையும் மனப்பாடமாகச் சொல்லாதவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

அடி வாங்கும் பேடு இரண்டு ஜோடி போதும். உப்புக் காற்றில் ஒட்டுப் பட்டை சீக்கிரம் பிடிப்பு விட்டுப்போகும், தையலும் இற்றுவிடும். வகுப்பு முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஈரத்துணி நனைத்துத் துடைத்து, மணல் போக உதறி, நிழலில் காயவைத்து எடுத்து வையுங்கள்.