வேளாண் டெக்னீஷியன் ஆக: சான்றிதழோடு கையும் பழக வேண்டிய வேலைகள்

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நேரான வழி, வேளாண்மையிலோ தோட்டக்கலையிலோ இரண்டு வருட டிப்ளமோ. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள நிறுவனங்களில் படிக்கலாம். டிஎன்பிஎஸ்சி நடத்தும் உதவி வேளாண்மை அலுவலர் தேர்வுக்கு வேளாண்மை டிப்ளமோதான் அடிப்படைத் தகுதி. உர, மருந்துக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஐதராபாத் மேனேஜ் (தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை) நிறுவனத்தின் டேசி டிப்ளமோ இருக்கிறது. வாரம் ஒரு நாள் வீதம் 48 வாரம் நடக்கும். சில நாள் பயிற்சி போதும் என்றால் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். நாட்டிலேயே முதல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில்தான் தொடங்கியது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். போன வருட மாணவர் ஒருவரின் செய்முறை நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே எண்கள் இருந்தால் அங்கே யாரும் வயலில் இறங்கவில்லை என்று பொருள்.

மண் மாதிரி எடுத்தல்

முதலில் பழக வேண்டியது இதுதான். ஆய்வகக் கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், தப்பாக எடுத்த மண்ணுக்குத் தப்பான பதிலைத்தான் தரும். நெல், கேழ்வரகு, நிலக்கடலைக்கு 15 செ.மீ. ஆழம். பருத்தி, கரும்பு, வாழை, மரவள்ளிக்கு 22.5 செ.மீ. மரப்பயிர் என்றால் 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ‘வி’ வடிவில் குழி வெட்டுங்கள். வெட்டிய மண்ணை வெளியே கொட்டிவிட்டு, குழியின் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒரு அங்குலக் கனத்துக்குச் சீவி எடுங்கள். மேல்மண்ணை மட்டும் அள்ளினால் சத்து கூடுதலாகக் காட்டும். புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை இது. வயலில் வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில் எடுக்க வேண்டும். வரப்போரம், வாய்க்கால், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம், சமீபத்தில் உரம் போட்ட வயல் எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள். மேட்டுப்பகுதியும் பள்ளப்பகுதியும், நிறம் மாறும் பகுதியும் தனித்தனி மாதிரிகள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் வரும் சராசரி எந்தப் பகுதிக்கும் பொருந்தாது.

சேர்ந்த மண்ணை வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரியுங்கள். எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு மீதியைக் கலந்து மறுபடி பிரியுங்கள். அரை கிலோ வரும்வரை இப்படியே செய்ய வேண்டும். துத்தநாகம், இரும்பு போன்ற நுண்சத்துகளும் பார்க்க வேண்டுமென்றால் துருப்பிடித்த மண்வெட்டியும் துத்தநாகம் பூசிய வாளியும் கூடாது. எவர்சில்வர் அல்லது பிளாஸ்டிக் கருவியை எடுங்கள். பழைய உரச்சாக்கில் மண் கட்டி அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தச் சாக்கில் ஒட்டியிருக்கும் உரமும் சேர்ந்துதான் ஆய்வுக்குப் போகிறது.

மண்ணை நிழலில் உலர்த்தி, கட்டிகளை மரச் சுத்தியால் தட்டி, 2 மி.மீ. சல்லடையில் சலிக்க வேண்டும். அவசரத்துக்கு அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) அளவே மாறிவிடும்.

ஆய்வகத்தில்

பிஎச் (அமில, காரத் தன்மை), மின்கடத்துத்திறன் (உப்பின் அளவைக் காட்டுவது) பார்க்க, 20 கிராம் மண்ணோடு 40 மி.லி. காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, அவ்வப்போது கலக்கி அரை மணி நேரம் வைத்த பிறகு அளப்பது வழக்கம். ஒரே பீக்கரில் பிஎச், மின்கடத்துத்திறன் இரண்டும் பார்ப்பதானால், தெளிந்த நீரில் மின்கடத்துத்திறனை முதலில் பாருங்கள். பிஎச் மின்முனையிலிருந்து பொட்டாசியம் குளோரைடு கொஞ்சம் கசியும். அது உப்பு இல்லாத மண்ணையும் உவர்மண்போலக் காட்டக்கூடும். காலையில் கருவியைத் தொட்டவுடன் பிஎச் 7 தாங்கல் கரைசலிலும் (பிஎச் மாறாத சரிபார்ப்புக் கரைசல்), பிறகு 4 அல்லது 9.2 கரைசலிலும் சரிபார்க்க வேண்டும். ஒருமுறை பாட்டிலிலிருந்து ஊற்றிய கரைசலைத் திரும்ப அதே பாட்டிலில் ஊற்றவே கூடாது.

உரக் கணக்கு

விவசாயி கேட்பது மூட்டைக் கணக்கு; பரிந்துரையில் இருப்பது சத்துக் கணக்கு. ஏக்கருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 50, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 20, சாம்பல்சத்து 20 கிலோ தேவை என்று வைத்துக்கொள்வோம். மணிச்சத்திலிருந்து தொடங்குங்கள். டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தில் மணிச்சத்து 46%, தழைச்சத்து 18%. 20 கிலோ மணிச்சத்துக்கு 43.5 கிலோ டிஏபி வேண்டும். அதிலேயே 7.8 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. மீதி 42.2 கிலோவுக்கு 46% யூரியா என்றால் ஏறக்குறைய 92 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டை இரண்டும் கொஞ்சமும். 60% பொட்டாஷ் 33 கிலோ. டிஏபியில் உள்ள தழைச்சத்தைக் கழிக்க மறந்தால் யூரியா 17 கிலோ கூடும். அதிகத் தழைச்சத்தில் நெற்பயிர் கருகரு என்று செழிக்கும், பிறகு சாயும், புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வரும்.

தெளிப்பான் அளவு

மருந்து வேலை செய்யவில்லை என்ற புகார்களில் பல உண்மையில் அளவுப் பிழைகள். 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட் இடத்தைக் கயிறு கட்டி அளந்துகொள்ளுங்கள். டேங்கில் குறியிட்ட அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, வழக்கமான நடையில் அந்த இடம் முழுக்கத் தெளியுங்கள். பிறகு குறிவரை அளவு ஜக்கில் திரும்ப நிரப்புங்கள். 5 லிட்டர் பிடித்தால் ஏக்கருக்கு 200 லிட்டர், 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டரை டேங்க். லேபிளில் ஏக்கருக்கு 200 மி.லி. என்று இருந்தால் டேங்குக்கு 16 மி.லி. ஊற்ற வேண்டும். வேகமாக நடப்பவர் 3 லிட்டரில் முடித்தால் ஏக்கருக்கு ஏழரை டேங்க்தான். அவரும் டேங்குக்கு 16 மி.லி. ஊற்றினால் வயலுக்குப் போவது 120 மி.லி. மட்டுமே. பூச்சி சாகாது, பழி மருந்தின்மேல் விழும். ஆகவே தெளிக்கப்போகும் ஆளை வைத்தே அளக்க வேண்டும். நீங்கள் நடந்து அளந்த கணக்கு அவருக்கு உதவாது.

பூச்சிமருந்துக்குக் குழல்கூம்பு (ஹாலோ கோன்) நாசில், களைக்கொல்லிக்குத் தட்டை விசிறி நாசில். புதிய நாசிலைவிட ஒரு நிமிடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் கூடுதலாக வந்தால் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். அடைத்த நாசிலை வாயால் ஊதவோ கம்பியால் குத்தவோ கூடாது. பழைய டூத் பிரஷ் போதும்.

சொட்டுநீரும் விதையும்

மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் ஒரு நிமிடத்தில் 67 மி.லி. தர வேண்டும். முதல், கடைசி, இடைப்பட்ட இரண்டு என நான்கு பக்கக் குழாய்களில், ஒவ்வொன்றிலும் நான்கு இடம், ஆக 16 இடங்களில் கப் வைத்து அளங்கள். எல்லா இடத்திலும் குறைந்தால் வடிகட்டியையும் மோட்டாரையும் பாருங்கள். கடைசியில் மட்டும் குறைந்தால் குழாய் முனையைத் திறந்து கழுவிவிடுங்கள். அங்கங்கே குறைந்தால் சொட்டுவானில்தான் அடைப்பு.

முளைப்புத்திறன் சோதனைக்கு 400 விதை, நூறு நூறாக நான்கு பங்கு. நெல்லுக்கு 5-ம் நாள் முதல் எண்ணிக்கை, 14-ம் நாள் கடைசி. சான்று விதைக்கு 80% வர வேண்டும். பொறுக்கி எடுத்த நல்ல விதையை மட்டும் வைத்து 98% காட்டுவது சோதனை ஆகாது.

வயல் நோட்டு

தேதி, புல எண், ரகம், விதைத்த நாள், பயிரின் வயது, எண்ணிய குத்துகள், எண்ணிக்கை. “புகையான் அதிகம்” என்று எழுதாதீர்கள், தூருக்கு (குத்தில் கிளைத்த ஒவ்வொரு தண்டுக்கும்) எத்தனை என்று எழுதுங்கள். சிலந்தி இல்லாத நெல் வயலில் தூருக்கு 1 புகையான் பொருளாதார சேத நிலை, அதாவது மருந்தடிக்க வேண்டிய அளவு. சிலந்தி புகையானைத் தின்னும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் 2 வரை பொறுக்கலாம். அதனால் சிலந்தியையும் எண்ணி எழுத வேண்டும். நோட்டிலும் மண் பைக்குள் போடும் சீட்டிலும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்தால் எந்த வயலின் மண் என்றே தெரியாமல் போய், திரும்ப ஒரு நாள் போய்த் தோண்ட வேண்டிவரும்.